புள்ளி தெரியும் அளவு ஒளி

வாசிப்பு என்னும் செயலில் கண் முதலில் அறிவது எழுத்துக்கும் அது எழுதப்பட்ட தளத்துக்கும் இடையே உள்ள ஒளி வேறுபாட்டையே; வடிவமும் ஒலியும் பொருளும் அதன் பின்னரே வருகின்றன. இந்த வேறுபாடு போதிய அளவில் இல்லாதபோது கண் சுருங்குகிறது, தலை முன்னோக்கிக் குனிகிறது, வாசிப்பவர் ஒரே வரியை இருமுறை படிக்கிறார். அளவு மீறிய ஒளியோடு அமைந்துவிடும்போதோ கண் கூசுகிறது. கைப்பேசியிலும் கணினியிலும் வாசிப்போர் ‘பிரைட்னஸ்’, ‘கான்ட்ராஸ்ட்’ என்று வழங்கும் இரு அமைப்புகளும் இந்த வேறுபாட்டைக் கையாள்வதற்கு உரியவை. பெயர்கள் புதியவையே தவிர, அவற்றின் வழியே செய்யப்படும் வேலை மிகப் பழையது. அதன் வரலாற்றைத் தடம் பிடிக்கப் புதுக்கோட்டை மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் அரிது. கல், ஓலை, தாள், திரை ஆகிய நான்கு தளங்களிலும் எழுத்தைப் படிக்க முயன்ற உழைப்பு அங்கே ஒருசேரக் கிடைக்கிறது.

மேலே செல்லுமுன் மூன்று சொற்களை வரையறுத்துக்கொள்வது நலம். ஒரு பரப்பின் மீது வந்து விழும் ஒளியை ஒளியூட்டம் என்றும், அப்பரப்பிலிருந்து புறப்பட்டுக் கண்ணை அடையும் ஒளியை ஒளிர்வு என்றும் இவ்வுரை வழங்குகிறது. முன்னது ‘லக்ஸ்’ என்னும் அலகாலும், பின்னது சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டலா என்னும் அளவாலும், அதன் சுருக்கப் பெயராகிய ‘நிட்’ என்பதாலும் குறிக்கப்படுகின்றன. வெளிர்ந்த பகுதியின் ஒளிர்வைக் கருத்த பகுதியின் ஒளிர்வால் வகுத்தால் கிடைக்கும் விகிதமே மாறுபாடு.

கல்லில் இந்த மாறுபாடு இயல்பாக அமைவதில்லை. குடுமியான்மலையில் சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய மேலைக்கோயில் குடைவரையின் அருகே, ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி அளவில் பாறைச் சரிவில் வெட்டப்பட்டுள்ள இசைக் கல்வெட்டு, எழுத்தமைதி கொண்டு ஏழாம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதப்படுவது. கிரந்த எழுத்தில், ஏழு பண்களுக்கு உரிய சுரங்களை நான்கு நான்காகக் கூட்டி அடுக்கியுள்ள அதன் பாடத்தை பி. ஆர். பண்டார்கர் ‘எபிகிராபியா இண்டிகா’வின் பன்னிரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார். அப்பாறையில் எழுத்துக்கும் தளத்துக்கும் ஒரே நிறம். இரண்டும் ஒரே கல். உச்சி வெயிலில் பாறைக்கு நேர் எதிரே நிற்பவருக்கு, ஒளி ஒரு லட்சம் லக்ஸ் அளவில் கொட்டிக் கிடந்தும், எழுத்து பாறைக்குள் கரைந்துபோகிறது. கதிர் சாய்ந்து விழும் வேளையில், வெட்டின் ஒரு விளிம்பு நிழலும் மறு விளிம்பு பளபளப்பும் பெற்று, ஒளி குறைந்த அந்நேரத்தில்தான் எழுத்து எழுந்து நிற்கிறது. கல்வெட்டைப் படிப்போர் காலையையும் மாலையையும் தேர்ந்தெடுப்பதும், கண்ணாடி கொண்டு வெயிலைச் சாய்வாகத் திருப்புவதும், இருட்டியபின் விளக்கைப் பக்கவாட்டில் பிடிப்பதும் இதனாலேயே. ஒளியின் மிகுதி வேறு, எழுத்தின் தெளிவு வேறு என்பதற்கு இதனினும் கண்கூடான சான்று வேண்டியதில்லை.

அக்கல்வெட்டில் சுர எழுத்துகள் சிலவற்றின் தலைமேல் சிறு புள்ளிகள் உள்ளன. அவை எதைக் குறிக்கின்றன என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. பொருளைப் பற்றி வாதிடுவதற்கு முன்பாகவே, எது சிற்பி இட்ட புள்ளி, எது மழையும் வெயிலும் குடைந்த பொத்தல் என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. இச்சிக்கல் இவ்வுரையில் மீண்டும் தலைகாட்டும்.

கல்லின் இக்குறையைத் தீர்க்கக் கண்ட வழி மைப்படி எடுத்தல். கழுவிய கல்லின் மீது நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் அடித்துத் தாளை வெட்டுகளுக்குள் இறங்கச் செய்து, அது ஓரளவு உலர்ந்ததும் மையில் தோய்ந்த பொதியால் மேலே ஒற்றினால், உயர்ந்து நிற்கும் தளம் கருமை பெறுகிறது. பள்ளமாகிய எழுத்து வெள்ளையாகவே நிற்கிறது. நிறமே இல்லாத இடத்தில் நிறத்தை வருவித்து, நிழலை நம்பியிருந்த வாசிப்பை நிழலிலிருந்து விடுவித்த செயல் இது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929ஆம் ஆண்டில் தன் எல்லைக்குள் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் பாடங்களை அரச மரபு வாரியாக அடுக்கி ஒரே தொகுதியாக அச்சிட்டது. அச்சில் கருப்பு எழுத்தாக நிற்கும் கல்வெட்டுப் பாடங்களின் பின்னே, பல வேளைகளில் கருப்புத் தளத்தில் நிற்கும் வெள்ளை எழுத்துகள் உண்டு.

ஓலையின் நிலை கல்லுக்கு நெருக்கமானது. எழுத்தாணி ஓலையைக் கீறுகிறதேயன்றி நிறம் எதையும் இடுவதில்லை. கீறிய ஓலை, பொன்னிறத்தின் மேல் பொன்னிறக் கோடாகத்தான் தெரியும். எனவே விளக்குக்கரி, மாவிலைக் கரி போன்றவற்றைக் கோவையிலைச் சாறு, ஊமத்தையிலைச் சாறு முதலியவற்றோடு குழைத்து ஓலை முழுவதும் பூசித் துடைப்பர்; மேற்பரப்பில் பட்டது துடைபட, கீறலுக்குள் புகுந்தது தங்கும். சேர்மானம் இடத்துக்கு இடம் மாறினாலும் மையாடல் என்னும் பெயர் பரவலாக வழங்கியது. மை மங்கினால் மீண்டும் மையாடுவர். வாசிப்பவர் தம் கண்ணுக்கும் ஓலையின் முதுமைக்கும் ஏற்ப மாறுபாட்டைக் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு, ஆக, திரையோடு பிறந்தது அன்று.

தாளுக்கு வருங்கால் நிலைமை அடியோடு மாறுகிறது. நல்ல வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்கைத் திருப்பியனுப்பும் என்றும், அச்சு மை ஐந்து பங்கைத் திருப்பும் என்றும் கொண்டால், மாறுபாடு பதினாறுக்கு ஒன்று. திண்ணையிலும் அதே பதினாறு. குண்டு பல்பின் கீழும் அதே பதினாறு. தாளும் மையும் ஒரே ஒளியைப் பங்கிட்டுக்கொள்வதால் ஒளி கூடினால் இரண்டும் கூடும், குறைந்தால் இரண்டும் குறையும், விகிதம் அசையாது. சில நூற்றாண்டுகளாக அச்சு நூலை வாசித்துப் பழகிய சமுதாயம் மாறுபாடு என்ற ஒன்று இருப்பதையே மறந்துபோனதற்குத் தாளின் இக்குணமே காரணம் எனலாம்.

திரை இந்த வசதியைப் பறித்துக்கொண்டது. தாள் ஒளியைத் திருப்புகிறது. திரை தானே ஒளிர்கிறது, அதே நேரத்தில் அறையின் ஒளியையும் திருப்புகிறது. இரண்டாவது ஒளி எழுத்துக்கும் தளத்துக்கும் ஒரே அளவில் கூடுவதால் விகிதம் சரிகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். வெண்மை 200 நிட், கருமை 0.2 நிட் உள்ள திரைக்கு மாறுபாடு ஆயிரத்துக்கு ஒன்று என்று அதன் பெட்டியில் அச்சிட்டிருப்பர். அவ்வெண் இருட்டறையில் மட்டுமே உண்மை. திரையின் கண்ணாடி, விழும் ஒளியில் நூற்றுக்கு ஐந்து பங்கைப் பரவலாகத் திருப்புவதாகக் கொள்வோம். திருமயம் வட்டாரத்து ராயவரம், ராங்கியம், விராச்சிலை போன்ற ஊர்களின் நகரத்தார் வீடுகளில், ஒரே கூரையின் கீழ் வெளிச்சம் நூறு மடங்கு மாறும். உள்ளறையில் ஒளியூட்டம் 100 லக்ஸ் அளவில் இருந்தால், திரையின் மேல் கூடும் ஒளிர்வு ஒன்றரை நிட்டுக்குச் சற்று மேல்; ஆயிரம் என்ற விகிதம் நூற்றுப் பத்தாகிறது. நன்கு விளக்கிட்ட 500 லக்ஸ் அறையில் அது இருபத்தைந்து. திறந்த முற்றத்தின் ஓரம் நிழலில் அமர்ந்தாலும் ஒளியூட்டம் 10,000 லக்ஸ் இருக்கக்கூடும். அப்போது திரையின் மேல் ஏறும் ஒளிர்வு 160 நிட், எஞ்சும் மாறுபாடு இரண்டேகால். அவ்விடத்தில் வெண்மையை 500 நிட்டுக்கு உயர்த்தினாலும் விகிதம் நான்கைத் தாண்டிச் சிறிதே செல்லும். அருகில் கிடக்கும் நாளிதழோ தன் விகிதத்தில் இம்மியும் இழக்காமல் கிடக்கும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. வெளிச்சமான இடத்தில் பிரைட்னஸை உயர்த்துவது மாறுபாட்டை மீட்பதற்கே. அதனினும் பயன் தருவது திரையின் மீது விழும் ஒளியைக் குறைப்பது, அதாவது முற்றத்திலிருந்து இரண்டு பத்திக்கு உள்ளே நகர்ந்து அமர்வது, சன்னல் முதுகுக்குப் பின்னாலும் இராமல் முகத்துக்கு எதிரேயும் இராமல் பக்கவாட்டில் இருக்கும்படி திரையை வைப்பது. இருண்ட இடத்திலோ மாறுபாட்டுக்குப் பஞ்சமில்லை. அங்கே குறைக்க வேண்டியது பிரைட்னஸ். பலர் செய்வது நேர்மாறு. பகலில் வெயிலில் வைத்து உச்சத்துக்கு உயர்த்திய அளவை இரவில் படுக்கையில் அப்படியே விட்டுவிட்டுக் கண் எரிகிறது என்று குறைப்பட்டுக்கொள்கின்றனர். சுற்றொளியை அறிந்து தானே மாற்றும் அமைப்பு கைப்பேசிகளில் உண்டு. அதன் உணரி திரையின் மேல்விளிம்பில், முகப்புக் கேமராவின் அருகே இருப்பதால், அவ்விடத்தை மூடும்படி ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த உறையும் அதன் கண்ணைக் கட்டிவிடுகின்றன என்பதை ஓர் இடைக்குறிப்பாகச் சொல்லலாம்.

எவ்வளவு பிரைட்னஸ் வேண்டும் என்ற வினாவுக்கு எண்ணால் விடை சொல்ல இயலாது. ஆனால் எளிய கருவியால் விடை காணலாம். ஒரு வெள்ளைத் தாளைத் திரையின் பக்கத்தில், அதே ஒளியில் பிடித்து, திரையின் வெண்மை தாளின் வெண்மையைவிட விளக்கைப் போல் ஒளிர்ந்தால் குறைத்தும், பழுப்பாகச் சோர்ந்து தெரிந்தால் கூட்டியும், இரண்டும் ஏறக்குறைய ஒத்துவரும் இடத்தில் நிறுத்திக்கொள்வதே அந்த முறை. 500 லக்ஸ் அறையில் வெள்ளைத் தாளின் ஒளிர்வு ஏறத்தாழ 130 நிட். 100 லக்ஸ் அறையில் வெறும் 25. கண்மணியின் விட்டம் சூழலுக்கேற்ப 2 மில்லிமீட்டருக்கும் 8 மில்லிமீட்டருக்கும் இடையே மாறுகிறது. திரைக்கு ஓர் அளவு, சுவருக்கு வேறோர் அளவு என்று வரியிலிருந்து பார்வை விலகும்போதெல்லாம் கண் தன்னை மாற்றிக்கொள்ள நேர்வதே அயர்வுக்கு ஒரு காரணம். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதுக் கண்ணை அடைவதில் மூன்றில் ஒரு பங்கு அளவே என்று கணக்கிட்டுள்ளனர். ஆகவே பேரன் அமைத்துக் கொடுத்த அளவு பாட்டனாருக்குப் பொருந்தாது. அவருக்குத் திரையின் ஒளியோடு எழுத்தின் பருமனும் வேண்டும்.

மாறுபாட்டுக்குக் கீழெல்லை உண்டா என்றால், உண்டு. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டுதல்கள், சாதாரண அளவு எழுத்துக்கு நான்கரைக்கு ஒன்றும், பெரிய எழுத்துக்கு மூன்றுக்கு ஒன்றும் குறைந்தபட்சம் என விதிக்கின்றன. அவற்றின் கணக்கு முறைப்படி தூய கருமைக்கும் தூய வெண்மைக்கும் இடையே இருபத்தொன்று. கருமையைச் சுழியாகவும் வெண்மையை 255 ஆகவும் கொண்ட அளவுகோலில், வெள்ளைத் தளத்தின் மேல் 118ஆம் படிச் சாம்பல் நிற எழுத்து இந்த நான்கரையை எட்டிப்பிடிக்கும். அதனினும் வெளிறியது எல்லைக்கு வெளியே. நாகரிகம் கருதி வெளிர்சாம்பலில் செய்தியை அச்சிடும் வடிவமைப்பாளர்கள் பெரிய ஒளிமிக்க திரைகளின் முன் அமர்ந்து அதனைத் தேர்கின்றனர். அதே எழுத்து, அறந்தாங்கிப் பேருந்தின் சன்னலோரத்தில் பழைய கைப்பேசியில் என்னவாகும் என்பது அவர்களின் மேசையில் தெரிவதில்லை.

தமிழெழுத்துக்கு இந்தப் பொதுவிதி போதுமா என்பது ஐயத்துக்குரியது. தமிழில் பொருள் வேறுபாடு மிகச் சிறிய உறுப்புகளில் தங்கியிருக்கிறது. ‘க’வுக்கும் ‘க்’குக்கும் வேறுபாடு ஒரு புள்ளி, ‘கெ’வுக்கும் ‘கே’வுக்கும் ஒரு சுழி, ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் ஒரு வளைவு. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் ஏட்டிலும், அவ்வழக்கையொட்டிக் கல்லிலும் பெரும்பாலும் புள்ளி இடாமலே எழுதினர். எது மெய், எது உயிர்மெய், எது குறில், எது நெடில் என்பதை வாசிப்பவர் தம் மொழியறிவால் நிரப்பிக்கொண்டார். அச்சு புள்ளியை நிலைநிறுத்தியது. வாசிப்பவரும் நிரப்பும் பழக்கத்தை விட்டுவிட்டார். சிறு உறுப்பு தெரிய வேண்டுமானால் பெரிய உறுப்புக்குத் தேவைப்படுவதைவிடக் கூடுதலான மாறுபாடு தேவை என்பது பார்வையியலின் அடிப்படை. எனவே தமிழ் வாசகர் தம் திரையைச் சரிபார்க்க எழுத்தின் உடலைப் பார்த்துப் பயனில்லை. வழக்கமாக வாசிக்கும் அளவில், வழக்கமாக அமரும் இடத்தில், கண்ணைச் சுருக்காமல் புள்ளி தெரிகிறதா, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் பிரிகின்றனவா என்று பார்ப்பதே தக்க சோதனை. தெரியாதபோது பிரைட்னஸை உயர்த்துமுன் எழுத்தளவை ஒரு படி கூட்டிப் பார்ப்பது நன்று. புள்ளிக்கு ஒளியைவிடப் பருமன் விரைந்து உதவுகிறது.

கருப்புத் தளத்தில் வெள்ளை எழுத்தைக் காட்டும் இருள்முறையைப் பலரும் கண்ணுக்கு நல்லதென்று கொள்கின்றனர். மைப்படியும் அவ்வாறே இருப்பதால் இக்கருத்துக்கு மரபுத் துணை உண்டு என்று தோன்றலாம். ஆனால் மைப்படியின் வெண்மை தாளின் வெண்மை, ஒளிரும் வெண்மை அன்று. செருமனியின் டுசெல்டார்ஃப் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு, இளையோர்க்கும் முதியோர்க்கும் வெண்தளத்தில் கருப்பெழுத்தே வாசிக்க எளிதென்று கண்டது. திரை முழுதும் இருண்டிருக்கக் கண்மணி விரிகிறது; விரிந்த கண்மணியில் ஆடியின் குறைகள் மிகுந்து வெள்ளைக் கோடுகள் கசிந்து தடிக்கின்றன; உருட்சிப் பிழையுள்ள கண்ணில் அக்கசிவு இன்னும் மிகும். தமிழில் இதன் விளைவு, மெய்யின் புள்ளி தன் கீழுள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்வது. விளக்கணைத்த அறையில் சில நிமிடம் வாசிப்பதற்கும், கண்புரை உள்ளவர் கூச்சத்தைத் தவிர்ப்பதற்கும் இருள்முறை பயன்படும். நீண்ட கட்டுரைக்கு இளமஞ்சள் தளத்தில் கரும்பழுப்பு எழுத்து கொண்ட நடுவழியே ஏற்றது, அது ஓலையின் நிறம் என்பதும் தற்செயலாக நன்று. நீல ஒளி வடிகட்டும் கண்ணாடிகளைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. அவை கண் அயர்வைக் குறைக்கின்றன என்பதற்குப் போதிய சான்று இல்லையென 2023இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு கண்டது. திரை முன் கண்ணிமைப்பது வெகுவாகக் குறைந்து கண் உலர்வதே எரிச்சலுக்குப் பெருங்காரணமாக இருக்க, பழி நீலத்தின் மேல் விழுந்திருக்கிறது.

எஞ்சியுள்ளது, திரையைத் திருத்தித் தீராத சிக்கல். புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் தனிமுயற்சியில் வளர்த்த ஞானாலயா ஆய்வு நூலகத்தில் உள்ளவை போன்ற பழம்பதிப்புகளும் இதழ்களும் பழுப்பேறிய தாள்களில் உள்ளன. அவற்றின் தாளே அரையிருள். இத்தகைய நூல்களை வருடிப் படமாக்கும்போது, கோப்பின் எடையைக் குறைக்கவும் எழுத்தைப் பளிச்சிடச் செய்யவும், ஒவ்வொரு படத்துகளையும் முழுக்கருப்பு அல்லது முழுவெள்ளை என்று இரண்டில் ஒன்றாகத் தீர்த்துவிடும் முறை உண்டு. எந்தச் சாம்பலுக்கு மேல் வெள்ளை, எதற்குக் கீழ் கருப்பு என்று வகுக்கும் எல்லையைத் தானே கண்டறியும் வழியை ஜப்பானியரான நொபுயுகி ஒட்சு 1979இல் அளித்தார். பக்கம் முழுவதும் ஒரே சீராகப் பழுத்திருந்தால் அது நன்கு செயற்படும். ஆனால் ஓரம் கருகி, நடு வெளுத்து, மறுபக்க மை ஊடுருவிய தாளில் ஒரே எல்லை எங்கும் பொருந்தாது. எல்லை ஒரு பக்கம் சாய்ந்தால் மங்கலான புள்ளிகள் வெள்ளையில் மறைந்து மெய்யெல்லாம் உயிர்மெய்யாகின்றன. மறுபக்கம் சாய்ந்தால் பூச்சி அரித்த துளையும் தாளின் கறையும் புள்ளியாகி உயிர்மெய்கள் மெய்யாகின்றன. அவ்வாறு தீர்த்த பின்னர் வாசகர் தம் திரையில் எதைத் திருகினாலும் பயனில்லை, கழிந்த சாம்பல் திரும்பி வராது. சாம்பல் படிகளையோ நிறத்தையோ காத்து வருடிய படத்தில், மாறாக, மூலம் அப்படியே இருக்க வாசகர் தமக்கு வேண்டிய மாறுபாட்டை வேண்டிய அளவில் ஏற்றிக்கொள்ள முடிகிறது. மையாடிய ஓலையைத் துடைத்து மீண்டும் மையாடுவது போன்றது அது.

குடுமியான்மலையின் சுரப்புள்ளிகளுக்கும் இதுவே பொருந்தும். நேரெதிர் ஒளியில் எடுத்த ஒற்றைப் புகைப்படத்தைக் கணினியில் இட்டு மாறுபாட்டை உயர்த்திக்கொண்டே சென்றால், சிற்பியின் புள்ளியும் பாறையின் பொத்தலும் ஒரே கருமை பெற்று எண்ணிக்கையில் பெருகும். கூடுதலாகத் தெரிவன எல்லாம் கூடுதலாக எழுதப்பட்டவை அல்ல. கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் வெவ்வேறு திசைகளில் பிடித்துப் பல படங்கள் எடுத்து, அவற்றை ஒன்றாக்கித் திரையிலேயே ஒளியின் திசையை மாற்றிப் பார்க்கும் முறையை ஹியூலெட்-பேக்கர்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் மால்ஸ்பெண்டர் 2001இல் உருவாக்கினார். அம்முறையில், உளி இறங்கிய பள்ளத்தின் விளிம்பு ஒளி திரும்பத் திரும்ப ஒழுங்காக நிழல் மாற்றுவதையும், சிதைந்த பொத்தலின் விளிம்பு தாறுமாறாக மாற்றுவதையும் ஒப்பிட்டுக் காண இயலும். மாலையில் பாறையின் முன் நின்று, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பவர் செய்வதும் அதுவே.